சேற்றில் நின்ற பாட்டு

"ரீச்சர்!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தபோது நான் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்குள், விதைநெல் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். மடியில் யுகுலேலே. கதவைச் சாத்தியிருந்தேன். யன்னலுக்கு வெறுஞ்சாக்குத் தொங்கவிட்டிருந்தேன். சத்தம் வெளியே போகக் கூடாதென்று நரம்புகளுக்கு அடியில் என் கணவர் கட்டிக் கழித்த பழைய சாரத்தில் கிழித்த துண்டொன்றையும் செருகியிருந்தேன். ஐப்பசி மழை வரப்போகிற புழுக்கம். வேர்வை இமையில் இறங்கிக் கண் எரிந்தது.

யுகுலேலே என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: கிற்றார் போட்ட குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலே நாலு நைலோன் நரம்பு. இவர் அதைக் 'குட்டிப்பிசாசு' என்பார்.

"ரீச்சர், உள்ளுக்கோ நிக்கிறியள்?"

பக்கத்து வீட்டுப் புனிதம் அக்கா. அவருடைய கணவர் தவராசா அண்ணை காலமாகி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்திருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் நாள் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அந்தியேட்டி முடியும்வரை அயலில் ஒரு றேடியோகூட வாய் திறக்காது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் நான் அறைக்குள் இருந்து பாட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

எழும்பிய வேகத்தில் துண்டு கழன்று விழுந்தது. யுகுலேலேயை மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். அது சுவரில் முட்டி, நாலு நரம்பும் ஒன்றாக 'ணங்' என்றது. இவ்வளவு நாளும் தலைகீழாக நின்றும் என் கையில் வராத நல்ல தெளிவான சத்தம், அன்றைக்கென்று பார்த்து வந்தது.

ஐம்பதைத் தாண்டிய பொம்பிளை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கை பிடித்துவிட்டவள். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பால்சட்டிக்குள் தலை மாட்டிய பூனை மாதிரி நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா காத்துக்கொண்டிருந்தார்.

குளிரறையில் ஒரு வீணை

இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு நான் யாரென்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஸ்கந்தபுரம் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் 'ரீச்சர்' என்ற பெயர் இருக்கிறது. கடையில், பஸ்ஸில், கோயிலில் அந்தப் பெயருக்கு ஒரு இடம் விடுவார்கள். அதில் எனக்கு ஆசை உண்டு என்பதை மறைப்பானேன்?

ஒரு தொண்டு நிறுவனம் முன்பள்ளிகளுக்கு ஆளுக்கொரு யுகுலேலே தந்தது. அதைப் பழக்குவதற்குக் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏசி போட்ட மண்டபம். மற்ற ஆசிரியைகள் எல்லாம் ஸ்கூட்டியில் வந்திறங்கிய இளசுகள். நான் காலை பஸ்ஸில் நெல்வியாபாரிகளோடு நெரிபட்டுப் போய், சேலைக் கரையில் யாரோ மிதித்த சேற்றோடு இறங்கினேன்.

பழக்க வந்தவள் நிரோஷினி என்று ஒரு வவுனியாப் பிள்ளை. என் மகளின் வயதுகூட இருக்காது. வந்ததும் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆருக்காவது ஏற்கனவே சங்கீதம் தெரியுமோ?"

என் கை எனக்கு முன்னால் எழும்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் பண்ணிசை படித்தவள் அல்லவா. சுற்றிப் பார்த்தேன். வேறு ஒரு கையும் எழும்பவில்லை. இறக்கலாம் என்றால் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"அப்ப அம்மா முன்னுக்கு வாங்கோவன். பிடிச்சுக் காட்டுங்கோ."

போனேன். முதலில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு கதிரையில் காலை மடித்து ஏறியிருந்து, யுகுலேலேயை மடியில் மல்லாக்கக் கிடத்தி, விரலால் சுண்டினேன். நான் வீணையைத் தொட்டது கிடையாது. சரஸ்வதி படத்தில் பார்த்ததுதான் முழுப் படிப்பும்.

மண்டபம் வெடித்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு சிரித்துப் புரைக்கேறி இருமினாள். நிரோஷினி மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து, கால்களை இறக்கிவிட்டு, அதை நெஞ்சோடு சாய்த்துத் தந்தாள். நல்ல பிள்ளை. அவளும் சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இரக்கம்தான் தாங்கமுடியாதது.

மூன்று கோட்

சின்னப் பிள்ளைகளின் பாட்டுக்கு மூன்று 'கோட்' போதுமாம். கோட் என்றால் ஒன்றுமில்லை, இடக்கை விரல்களைக் குறித்த இடங்களில் அழுத்திக்கொண்டு வலக்கைப் பெருவிரலால் நாலு நரம்பையும் ஒரு இழுப்பு இழுப்பது. விரல் வைக்கிற இடம் மாறினால் கோட் மாறும்.

முதலாவது, ஸீ. ஒரேயொரு விரல். மோதிரவிரலை அடி நரம்பின் மூன்றாம் கட்டத்தில் வைத்தால் சரி. வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது, எஃப். இரண்டு விரல். அதுவும் ஒரு மாதிரி வந்தது.

மூன்றாவதுதான் ஜீ செவன். மூன்று விரலும் மூன்று நரம்பில், கோழிக்கால் மாதிரி விரிந்து நிற்க வேண்டும். அரிவாள் பிடித்துக் காய்த்த என் விரல்கள் ஒன்று நரம்பில் இருந்தால் மற்றது பக்கத்து நரம்பில் படுத்துவிடும். 'டக்' என்று ஒரு செத்த சத்தம் வரும். நான் உடனே நிறுத்தி, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு, பாட்டை முதலிலிருந்து தொடங்குவேன்.

"அம்மா, சுட்டுவிரலை எடுக்காதேங்கோ. எஃப்பில இருந்த இடத்திலயே இருக்கட்டும். மற்ற ரெண்டையும்தான் மாத்தோணும்."

"சரி மிஸ்."

"பிழைச்சாலும் நிக்காதேங்கோ. திரும்பத் துவக்கத்துக்குப் போகாதேங்கோ. கை பிழைச்சாலும் பாட்டு ஓடோணும்."

"ஓம் மிஸ்."

அடுத்த முறையும் நின்றேன். அடுத்த முறையும் முதலுக்குப் போனேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என் தாளத்துக்குள் அகப்படாமல் கதிரையை மெல்ல நகர்த்திக்கொண்டார்கள்.

போகும்போது நிரோஷினி ஒரு விசயம் சொன்னாள். பெரும்போக விதைப்பு முடிகிற கையோடு எல்லோரும் திரும்ப வரவேண்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாத முன்பள்ளியின் யுகுலேலே வேறு ஊருக்குப் போகும். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஏன் முதலுக்கே போகிறேன்

இது என் பிழையல்ல என்று ஒரு சாட்டுச் சொல்லட்டுமா?

எங்கள் வீட்டில் தேவாரத்தை அரைவாசியில் விடக் கூடாது. விளக்கு வைத்து நாங்கள் வரிசையாக இருந்து பாடும்போது ஒரு சொல் தடக்கினால், அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "முதலில இருந்து!" என்பா. தடக்கிய இடத்திலிருந்து தொடர்ந்தால் சாமிக்குக் குறைத் தேவாரம் போகுமாம். பசியோடு இருக்கிற பிள்ளைகள், புட்டு மணம் வருகிறது, தம்பி வேண்டுமென்றே தடக்குவான். முதலில இருந்து.

ஒருமுறை பள்ளிக்கூடப் பண்ணிசைப் போட்டியில், இரண்டாவது அடியில் எனக்கு ஒரு சொல் மறந்துபோனது. முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் மறந்தது. திரும்பத் தொடங்கினேன். சபை பாவப்பட்டது. பிறகு சிரித்தது. கடைசியில் நடுவர் மணி அடித்தார். மணிக்குப் பிறகும் நான் பாடிக்கொண்டு நின்றதாக என் தோழிகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம் எலும்புக்குள் ஊறிக் கிடக்கிறது. பிழைத்த பாட்டை விட்டுவிட்டு முன்னால் போக என் கைக்கு யாரும் பழக்கவில்லை.

சாட்டு முடிந்தது. இனி வெட்கப்பட வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

தவராசா அண்ணையின் பாட்டு

தவராசா அண்ணையிடம் ஒரு பழைய உழவு மெசின் இருந்தது. ஊருக்குள்ளும், துணுக்காய்ப் பக்கமும் கூலிக்கு உழப் போவார். வரும்போது அந்தச் சத்தம் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் நுழையுமுன்பே கேட்கும். முன்பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டு வேலியடிக்கு ஓடுவார்கள்.

போன வருட மழைக்கு அந்த மெசின் எங்கள் முன்பள்ளி வாசலில் சக்கரத்தோடு சேற்றில் புதைந்தது. பிள்ளைகள் வெளியே பாய்ந்து, நான் கத்தக் கத்தக் கேளாமல், பின்பெட்டியில் கை வைத்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பூசணிக்காய் அளவு. அண்ணை திரும்பிப் பார்த்து, "தள்ளுங்கோ பிள்ளையள், தள்ளுங்கோ! உங்களாலதான் வருது!" என்று கத்திக்கொண்டு, மெல்ல மெல்ல கியரில் எடுத்தார். மெசின் வெளியே வந்தது. தாங்கள்தான் தூக்கிவிட்டோம் என்று பிள்ளைகள் இன்றைக்கும் நம்புகிறார்கள்.

அன்றைக்கே அவர்களுக்கு ஒரு பாட்டுக் கட்டினேன்.

*டுக்கு டுக்கு மெசின் வருது,*
*துணுக்காய் றோட்டால மெசின் வருது,*
*சேத்துக்குள்ள சில்லுப் புதைஞ்சுது,*
*தள்ளுங்கோ பிள்ளையள், வீட்டை வருது!*

அண்ணைக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. எங்கள் வாசலால் போகும்போது வேகத்தைக் குறைப்பார். பிள்ளைகள் பாடினால் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். கடையில் போய், "கிளிநொச்சிக்குள்ள ஆருக்கு ஓய் பாட்டு இருக்கு? எனக்கிருக்கு!" என்று மார் தட்டுவார். புனிதம் அக்கா விடமாட்டார். "பாட்டு இருக்குத்தான். மெசினுக்கு நல்ல பற்றறி இல்லை" என்பார்.

யுகுலேலேயில் வாசிக்க நான் அந்தப் பாட்டைத்தான் எடுத்தேன். முதல் வரிக்கு ஸீ, இரண்டாவதுக்கு எஃப், சேற்றில் புதைகிற வரிக்கு ஜீ செவன், வீட்டுக்கு வருகிற வரிக்குத் திரும்பவும் ஸீ. அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது. அண்ணையிடம் சொன்னபோது, "என்ர பாட்டு ஏசி மண்டபத்தில ஏறப்போகுது" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

முதல் மழைக்கு அவர் துணுக்காய்க்கு உழவுக்குப் போனார். அங்கே மெசின் வயலுக்குள் இறுகிவிட்டது. இறங்கி, மண்ணை வெட்டி, மரக்கட்டை வைத்து இழுக்கப் பார்த்திருக்கிறார். நெஞ்சு நோகுது என்று வரம்பில் போய் இருந்தவரை, வயல்காரர் தேத்தண்ணியோடு வந்து பார்த்தபோது முடிந்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரி வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். மெசினை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டுப் போனார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம்

செத்தவீட்டுக்கு நான் செய்யவேண்டியது எல்லாம் செய்தேன். சோறு கறி சமைத்துக் கொண்டுபோனேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். எங்கள் வீட்டில் இவர் சத்தத்தை நிறுத்திவிட்டு, கிரிக்கெட்டை ஊமைப்படம் மாதிரிப் பார்த்தார். எட்டு முடிந்து சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அக்காவின் மகன் வெளிநாட்டில். தங்கச்சி ஒருத்தி மட்டும் வந்து வந்து போனா.

கிளிநொச்சிக்குப் போகும் நாள் நெருங்கியது. அந்தியேட்டிக்கு முன்பே அது வந்தது.

வேறு பாட்டுக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. இந்த விரல்களுக்கு ஒரு பாட்டே மலை. இன்னொன்று பழக நாள் காணாது. யுகுலேலே போய்விட்டால் பிள்ளைகள் என்ன கேட்பார்கள், தாய்மார் என்ன சொல்வார்கள், அந்த ஸ்கூட்டிப் பிள்ளைகள் எப்படிச் சிரிப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். புனிதம் அக்காவை யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் சாமான் அறைக் கதவைச் சாத்தினேன்.

நரம்புக்கடியில் துண்டு வைத்தேன். பாட்டின் சொற்களைப் பாடாமல் வாய்க்குள் முணுமுணுத்தேன். சொல் இல்லாவிட்டால் பாட்டில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

"இஞ்சாரும்," என்றார் இவர் ஒருநாள், "அடைகிடக்கிற கோழி மாதிரி என்ன உள்ளுக்குள்ள?"

"வெளியில கேக்குதோ?"

"எனக்குக் கேக்குது. பக்கத்தில செத்தவீடு. சனம் என்ன சொல்லும்?"

"கிளிநொச்சியில நான் மானங்கெட்டு நிக்கிறது பரவாயில்லையோ?"

"அங்கை கெட்டால் அங்கை. இஞ்ச கெட்டால் விடிய எழும்பி முகத்தில முழிக்கோணுமெல்லே."

இவர் எப்போதாவதுதான் சரியான கதை கதைப்பார். அன்றைக்குக் கதைத்தார். நான் கேட்கவில்லை. அடுத்த நாள் பின்னேரமும் கதவைச் சாத்தினேன். அக்காவை வேலியடியில் கண்டால் குனிந்து எதையாவது பொறுக்குகிற மாதிரிப் போனேன். எங்கள் வளவில் பொறுக்குவதற்கு அவ்வளவு ஒன்றும் கிடையாது.

"உங்கட அதை எடுத்துக்கொண்டு வாங்கோ"

கிளிநொச்சிக் கதை எப்படி முடிந்தது என்று தவிக்காதேயுங்கள். முன்னுக்கே சொல்லிவிடுகிறேன், யுகுலேலே எங்கள் முன்பள்ளியில்தான் இன்றைக்கும் இருக்கிறது. நான் சொல்லவந்தது அதையல்ல.

அன்று கூப்பிட்ட குரலுக்கு வெளியே வந்தேன். தகர வேலிக்கு மேலால் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. வெறும் நெற்றி. என் கண் அந்த நெற்றிக்குப் போய் விலகியது.

"என்ன அக்கா?"

"உங்கட அதை எடுத்துக்கொண்டு ஒருக்கா இஞ்சால வாங்கோ."

"எதை அக்கா?"

"உள்ளுக்கை வச்சு வாசிக்கிறதை."

பொய் சொல்ல வாய் திறந்தேன். அக்கா அதற்குள் திரும்பிப் போய்விட்டார்.

யுகுலேலேயைத் துவாயில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் போனேன். வழியில் யாரும் காணக் கூடாதென்று நேர்ந்துகொண்டு போனேன். பேச்சு விழப்போகிறது என்று தெரியும். விழட்டும், நாலு பேருக்கு முன்னால் விழாமல் இருந்தால் போதும். அந்த நேரத்திலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

முற்றத்தில் மெசின் தறப்பாள் போட்டு மூடிக் கிடந்தது. சில்லில் துணுக்காய் மண் காய்ந்து வெடித்திருந்தது. அக்கா ஒரு கதிரையைக் காட்டினார். மற்றதில் தான் இருந்தார். தங்கச்சி கடைக்குப் போயிருந்தா. வேறு ஒருவரும் இல்லை.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று நானே தொடங்கினேன். "கிளிநொச்சியில வாசிச்சுக் காட்டோணும். நாள் காணாது. சத்தம் வெளியில வராதெண்டு நினைச்சுப்போட்டன்."

"சத்தம் வந்ததுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"சொல்லுகூடப் படிக்கேல்லை அக்கா. சும்மா முணுமுணுத்தனான்."

"சொல்லு எனக்குத் தெரியாதே? இந்த மனிசன் ஒரு வருசமாக் கிணத்தடியில குளிக்கேக்கையும் அதைத்தானே படிச்சது."

துவாயின் கரையை மடித்தேன், விரித்தேன்.

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் இதிலதான் இருக்கிறனான்," என்றார் அக்கா. கோபம் இல்லாத குரல். களைத்த குரல். "கேட்டுக்கொண்டிருப்பன். டுக்கு டுக்கெண்டு வரும். துணுக்காய் றோட்டால வரும். பிறகு சேத்துக்குள்ள புதையும். அதோட நிக்கும். கொஞ்சத்தால திரும்பத் துவக்கத்தில இருந்து வரும். திரும்பப் புதையும். ஒரு நாளாவது வீட்டை வரேல்லை, ரீச்சர்."

நான் இதற்கு முன்னும் வெட்கப்பட்டிருக்கிறேன். மண்டபத்தில் காலை மடித்து இருந்தபோது, நடுவர் மணி அடித்தபோது. அதெல்லாம் மற்றவர் என்னைப் பார்த்ததால் வந்த வெட்கம். இது அப்படியல்ல. இவ்வளவு நாளும் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, என் விரலுக்கு மட்டும் கவலைப்பட்டு, இந்த மனிசியின் புருசனைப் பின்னேரத்துக்குப் பின்னேரம் அதே சேற்றில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"இனி வாசிக்கமாட்டன் அக்கா. சாமிசத்தியமா வாசிக்கமாட்டன்."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது? ஒருக்கா வீட்டை கொண்டந்து விடுங்கோ எண்டுதான் கூப்பிட்டனான்."

"இஞ்சயோ? செத்த துடக்கு கிடக்கிற வீட்டிலயோ அக்கா?"

"துடக்கு எனக்குத்தானே. நீங்கள் வாசியுங்கோ."

துவாயை அவிழ்த்தேன். அண்ணை போன பிறகு வெளிச்சத்தில், துண்டு செருகாமல், அந்தப் பாட்டை அப்போதுதான் முதல்முறை வாசிக்கப்போகிறேன். முதல் இழுப்பே ஒழுங்கைவரை கேட்டிருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லோடு பாடினேன்.

முதல் வரி வந்தது. துணுக்காய் றோட்டால மெசின் வந்தது. சுட்டுவிரலை எடுக்காமல் மற்ற இரண்டையும் மாற்றினேன். மோதிரவிரல் வழுக்கி அடுத்த நரம்பில் படுத்தது. 'டக்' என்றது. கை தன்பாட்டில் நரம்பை விட்டு எழும்பியது, முதலுக்குப் போக.

"போகாதேங்கோ," என்றார் அக்கா. கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "திரும்பப் போகாதேங்கோ ரீச்சர். பிழையெண்டால் பிழையா வாங்கோ."

பிழையோடு இழுத்தேன். சேற்றில் சில்லு கர்புர் என்றது. எந்த நரம்பு எந்தக் கோட் என்று எனக்கே தெரியவில்லை. பெருவிரலை நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு விரலை அடி நரம்பில் வைத்தேன். 'தள்ளுங்கோ பிள்ளையள்' என்று பாடினேன். 'வீட்டை வருது' என்கிறபோதும் கை நிற்கவில்லை. கடைசி ஸீ சுத்தமாக விழுந்து, மெல்ல மெல்ல ஓய்ந்தது.

அக்கா அழவில்லை. அந்தச் சத்தம் முழுக்க ஓயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, முற்றத்தைக் கடந்து படலையடிக்குப் போனார். அகலத் திறந்து கிடந்த தகரப் படலையை இழுத்துச் சாத்தினார். சங்கிலியைச் சுற்றிக் கொழுவினார்.

"இவர் வந்தாப்பிறகுதான் நான் படலை சாத்திறனான்," என்று எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார். "இவ்வளவு நாளும் திறந்தபடி கிடந்தது. ஆடு வந்து கத்தரிக்கண்டெல்லாத்தையும் திண்டுபோட்டுது."

விளக்கு வைக்க உள்ளே போனார். நான் முற்றத்தில், மடியில் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். தகர வேலிக்கு மேலால் என் வீட்டுக்காரர் என்னைத் தேடிக் கூப்பிடுவது கேட்டது. வீட்டுக்குப் போவதென்றால் அந்தப் படலையால்தான் போகவேண்டும். திறந்துவிடுங்கோ அக்கா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.